மத்தியதரைக் கடல் பகுதியின் மிகச் சிறிய ஆமை எது? அதை வீட்டில் வளர்க்கலாமா?

எகிப்திய ஆமை. எனக்கு ஆமைகளிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். உலகிலேயே சிறியது தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. ஆனால் வட அரைக்கோளத்தில் இதைவிடச் சின்ன தரை ஆமை கிடையாது. ஆணின் ஓடு சுமார் 10 சென்டிமீட்டர்தான், பெண் கொஞ்சம் பெரியது. லிபியாவின் கடலோரம் தொடங்கி எகிப்து, சினாய் வழியாக இஸ்ரேலின் நெகேவ் பாலைவனம் வரை இதன் பூர்வீகம்.

பாலைவனத்தில் இவ்வளவு சின்ன உடம்பு எப்படித் தாங்கும் என்று தோன்றலாம். அந்தச் சிறிய உடம்புதான் அதற்குப் பலம். குளிர்காலக் காலை வெயிலில் சீக்கிரம் சூடேறிவிடும், உடனே மேயக் கிளம்பலாம். வெளிர் மஞ்சள் ஓடு வெயிலை அதிகம் உள்ளே இழுக்காது, மணலோடு மணலாக மறைத்தும் விடும்.

ஐரோப்பிய ஆமைகள் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். இது நேர்மாறு. அந்தப் பக்கம் மழை பெய்வதே குளிர்காலத்தில்தான். புல்லும் பூவும் முளைக்கிற அந்தச் சில மாதங்களில்தான் இது தின்று, நடமாடி, இணை தேடுகிறது. இணை சேரும்போது ஆண் எழுப்பும் ஒலி புறா கூவுவது போல இருக்கும். ஆமைக்கு இப்படி ஒரு குரலா என்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான். கோடை வந்ததும் புதருக்கு அடியிலோ எலி வளையிலோ ஒடுங்கிவிடும். ஒரு தடவைக்கு நாலைந்து முட்டைக்கு மேல் இடாது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மண்ணின் சூடு தீர்மானிக்கிறது.

சரி, வளர்க்கலாமா? வேண்டாம். இத்தனை குறைவாக முட்டையிடும் உயிரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஆடு மேய்ச்சலும் விவசாயமும் புதர்களை அழித்தன, மிச்சத்தை வியாபாரிகள் அள்ளினார்கள். எகிப்தில் கிட்டத்தட்ட அற்றே போய்விட்டது. வடக்கு சினாயின் ஜரானிக் காப்பகத்தில் கொஞ்சம் மிஞ்சியது. பிறகு கெய்ரோ சந்தைக்கு லிபியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். 1995 முதல் சர்வதேச வணிகத்துக்குத் தடை உண்டு, ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை.

பாவம், காப்பாற்றலாம் என்று நினைத்துக்கூட வாங்காதீர்கள். விற்ற ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பிடித்து வருவார்கள்.