தாத்தாவின் இரட்டைக் குழல்: சுடலாமா, துடைத்து வைக்கலாமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்களுக்குக் கொஞ்சம் செம்பனை இருக்கிறது. பெரிய ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் நாடு திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் தாத்தா வாங்கிய 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியும் இருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில். அவர் அதைச் சுடுவதே இல்லை. எப்போதாவது எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவி, தோல் உறையில் போட்டுப் பூட்டிவிடுவார். கேட்டால், “சுட்டால் தேய்ந்துபோகும், அது தாத்தா ஞாபகம்” என்பார். சித்தப்பாவோ, “சுடாத துப்பாக்கி துருப்பிடித்துச் சாகும். பன்றி கன்றைத் தோண்டுகிறது, எடுத்துச் சுடு” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. ஆனால் இருவரும் சொல்லும் காரணம்தான் தப்பு.

முதலில் அப்பாவின் பயம். நல்ல இரட்டைக் குழல் துப்பாக்கி பல்லாயிரம் தோட்டாக்களைத் தாங்கும். பன்றிக்காக வருஷத்துக்கு நாலைந்து தோட்டா சுட்டால் அது தேயாது. இனி சித்தப்பா. சுடாததால் எந்தத் துப்பாக்கியும் துருப்பிடிப்பதில்லை. எடுத்துப் பார்க்காததால்தான் துருப்பிடிக்கிறது. சுடுகிறவர் ஒவ்வொரு தடவையும் துடைப்பார், அதனால் அவர் துப்பாக்கி பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சுட்டதால்தான் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

நம் ஊர்களில் இந்த வழக்கு பல வீடுகளில் உண்டு. ஒருவர் துப்பாக்கியின் மரக்கட்டையில் விரிசல் விட்ட இடத்தில் கறுப்பு டேப் சுற்றி, கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிளில் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார். அவருக்கு அது மண்வெட்டிக்கு அடுத்த சாமான். இன்னொருவர் பூ வேலைப்பாட்டில் விரல்கூடப் படாமல் துணியோடு தூக்குவார். சுங்கை சிப்புட்டில் இரண்டாவது வகை அதிகம் இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த வட்டாரத்தில்தான். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க வந்த அவசரகாலப் பிரகடனம் அதைத் தொட்டே வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தக் காலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி சாதாரண ஆயுதம் இல்லை. ‘எடுக்காதே, தொடாதே’ என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருப்பார்கள். உங்கள் அப்பாவின் கண்டிப்பில் தாத்தா பாசம் பாதி என்றால் மீதி அதுவாக இருக்கலாம்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். இதைச் சுடலாமா என்பதற்குக் குழல்தான் பதில் சொல்லும். அப்பா கையால் திறந்து, இரண்டு தோட்டா அறையும் காலி என்று பார்த்த பிறகு முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுக்கச் சொல்லுங்கள். குழலின் வெளிப்பக்கம் முழுக்கச் சுருள் சுருளாக, மரத்தின் ரேகை மாதிரி கோடு தெரிகிறதா? அப்படியென்றால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்துச் செய்தது. பெரும்பாலும் கருமருந்து என்ற பழைய வெடிமருந்துக் காலத்துச் சரக்கு. அதில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடவே கூடாது. விஷயம் அங்கேயே முடிந்தது, அப்பா கட்சி ஜெயித்தது.

கோடு இல்லாத எஃகுக் குழல் என்றால், தோட்டா அறைக்குக் கீழே தட்டையாக இருக்கும் இடத்தில் சோதனை முத்திரைகளைத் தேடுங்கள். லண்டனிலோ பர்மிங்காமிலோ சோதித்த குழலில் ‘நைட்ரோ புரூஃப்’ என்று பொறித்திருந்தால், செய்த காலத்தில் அது புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். 1954க்குப் பிறகு சோதித்தது என்றால் சதுர அங்குலத்துக்கு எத்தனை டன் அழுத்தம், தோட்டா அறை எவ்வளவு நீளம் என்பதும் இருக்கும்.

இந்த நீளத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. அது இந்த அறைக்குள் தாராளமாகப் போகும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். காரணம், 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடும்போது மடிப்பு விரிய அறையில் இடம் போதாது. அது குழலின் குறுகலான பகுதிக்குள் போய் விரியும், அழுத்தம் எகிறும். ‘உள்ளே போகிறதே’ என்பது இந்த விஷயத்தில் எதற்கும் சாட்சி இல்லை. அறை 65 மி.மீ. என்றால் 65 மி.மீ. தோட்டா மட்டும்தான், அது கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு சோதனை வீட்டிலேயே செய்யலாம். குழலின் அடியில் இருக்கும் கொக்கியில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுங்கள். கணீர் என்று நீளமாக ஒலித்தால் இரண்டு குழலையும் இணைத்த பற்றவைப்பு நன்றாக இருக்கிறது. டொக்கென்று நின்றுபோனால் எங்கோ விட்டிருக்கிறது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து குழலுக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே தெரியும் நிழல் வளையங்கள் எங்காவது கோணினால் அங்கே நசுங்கியிருக்கிறது. குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரொம்ப நாள் மூடிக்கிடந்த எந்தக் குழாயையும் குளவி விடாது. குழல் அடைபட்டிருக்கும்போது சுட்டால் வெடித்து, பிடித்திருக்கும் கையை வாங்கிவிடும். இவ்வளவும் தேறினாலும், குழலின் சுவர்த் தடிமனை அளக்க லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிடம்தான் போக வேண்டும். வெல்டிங் கடைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் வேண்டாம்.

இனி, எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம்: அந்தத் தோல் உறை. தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். நம் காற்றில் ஈரம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. துருவுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. உறை தோட்டத்துக்குக் கொண்டுபோக மட்டும் இருக்கட்டும். வீட்டில் துப்பாக்கி காற்றுப்படும் இரும்பு அலமாரியில், சிலிக்கா ஜெல் பையோடு, குழலின் வாய் கீழே பார்த்தபடி நிற்கட்டும். வாய் மேலே இருந்தால் எண்ணெய் வழிந்து கட்டையின் தலைப்பகுதியில் ஊறி, மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் தலைக்கும் சமையலுக்கும் நல்லது. துப்பாக்கியின் சுடும் பொறிக்குள் போனால் நாளாவட்டத்தில் பிசினாக இறுகும். துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். தொட்ட இடத்தையெல்லாம் கடைசியில் ஒருமுறை துடைக்க வேண்டும், ஏனென்றால் வியர்வை உப்பு ஒரே இரவில் விரல் ரேகையை எஃகில் பதித்துவிடும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால், சுடாமலே தாத்தா துப்பாக்கி உங்கள் பேரன் காலம்வரை இருக்கும். பழசைப் புதுசாக்குகிறேன் என்று குழலைத் தேய்த்து மறுபடி கறுப்பேற்றுவது மட்டும் வேண்டாம். இருக்கிற மதிப்பும் போய்விடும்.

வீட்டில் பழைய காகிதத் தோட்டாக்கள் கிடந்தால், ஈரத்தில் உப்பியிருக்கும். சுட்டுப் பார்க்காதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள், போலீஸ் நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

சித்தப்பா சொன்ன “எடுத்துச் சுடு”வில் நீங்கள் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. லைசென்ஸ் அப்பாவுடையது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சொந்த லைசென்ஸோ பெர்மிட்டோ இல்லாதவர் கையில் துப்பாக்கி இருப்பதே குற்றம். உங்கள் சொந்த நிலமாக இருந்தாலும் அப்படித்தான். 1971ஆம் ஆண்டு கடுந்தண்டனைச் சட்டத்தில் 14 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் உண்டு. ஆகவே பன்றி வந்தால் அப்பாதான் எடுக்க வேண்டும், அல்லது நீங்கள் முறைப்படி பெர்மிட் வாங்க வேண்டும். நிலத்தை விட்டுக் காட்டுக்குள் வேட்டைக்குப் போவது வேறு கணக்கு, அதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் லைசென்ஸ் தனி.

லைசென்ஸ் நிலத்தைப் போல வாரிசுக்குத் தானாக வராது. அப்பாவுக்குப் பிறகு துப்பாக்கியை அலமாரியில் வைத்திருக்காமல், தாமதிக்காமல் போலீஸிடம் கொண்டுபோக வேண்டியிருக்கும். பிறகு உங்கள் பெயரில் கிடைக்குமா என்பது மாநிலப் போலீஸ் தலைவர் கையில். பயிர்க்காவல் என்ற காரணத்துக்காகக் கொடுத்த லைசென்ஸ் என்றால், நிலம் இன்னும் உங்களிடம் இருக்கிறது, பன்றி இன்னும் வருகிறது என்று காட்ட முடிவது உங்களுக்கு நல்லது. அப்பா நடமாட்டமாக இருக்கும்போதே, லைசென்ஸையும் நிலப் பட்டாவையும் எடுத்துக்கொண்டு இருவருமாக மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் போய் விசாரித்து வாருங்கள். துப்பாக்கியை எடுத்துப்போக வேண்டாம், அவர்கள் கேட்டால் அப்புறம் பார்க்கலாம்.