அம்மாவின் சீட்டும் மகனின் தவணையும்: ஒரு கோத்தகிரிக் குடும்பத்தின் கணக்கு

கோத்தகிரி அருகிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 33, தனியார் தங்கும் விடுதியின் அலுவலகத்தில் மாதம் 26,000 ரூபாய் சம்பளம். கைபேசிக்கு 2,000 ரூபாய் வீதம் இன்னும் 4 தவணைகள் பாக்கி. ஓராண்டுக்கு முன் 12 சதவீத ‘ஃபிளாட்’ வட்டியில், 3 ஆண்டுத் தவணையில் இருசக்கர வாகனத்துக்காக வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கு மாதம் 3,778 ரூபாய் போகிறது. சேமிப்பு இல்லை. ஒன்றேகால் ஏக்கர் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் 66 வயது அம்மாவிடம் வங்கி வைப்புத்தொகையாக 4 லட்சம் ரூபாய் இருக்கிறது. “கடன் வாங்காமலே உங்களை வளர்த்தோம், சீட்டுப் போடு, பவுன் வாங்கு” என்பது அம்மாவின் பேச்சு. அந்த வழி இன்றைக்கும் சரிவருமா என்பது மகனின் கேள்வி.

முதலில், அம்மாவின் தலைமுறை கடனே வாங்கவில்லை என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் பழைய லீஃப் பில், அதாவது கொழுந்து வாங்குபவர் தரும் கணக்குச்சீட்டு, இருந்தால் எடுத்துப் பாருங்கள். இத்தனை கிலோ பச்சைத் தேயிலை, இன்ன விலை என்பதற்குக் கீழே முன்பணம், உரம் என்று கழிவுகள் வரிசையாக இருக்கும். என் தந்தையின் பில்களில் சில மாதங்களில் கழிவு போக மிஞ்சிய தொகை ஒரு மூட்டை அரிசிக்குக்கூடக் காணாது. மளிகைக் கடையின் பற்று நோட்டு தனி. அதுவும் கடன்தான், ஆனால் கொடுத்தவர் நம் வரவை அறிந்தவர். கோடை மழைக்குப் பின் கொழுந்து பெருகும்போது கூடுதலாகப் பிடித்துக்கொள்வார். உறைபனியில் செடி கருகும் மாதங்களில் பொறுத்துக்கொள்வார். இன்றைய மாதத் தவணைக்கு உறைபனி தெரியாது. ஹெத்தையம்மன் பண்டிகைச் செலவும் தெரியாது.

சேமிப்பிலும் இதே கதைதான். பணத்தை எடுக்கக் கீழ்த்தெருவுக்கோ பக்கத்து ஊருக்கோ நடந்து, படிவம் எழுதி, வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால், அஞ்சலகத்தில் போட்ட பணம் பாதிக்கு மேல் சோம்பலாலேயே தப்பித்தது என்று சொல்வேன். 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு அந்தத் தடை நீங்கிவிட்டது. தேநீர்க் கடையில் 15 ரூபாய், மாலையில் வர்க்கிக்கு 60 ரூபாய் என்று போகும் பணம் கையிலிருந்து போவதாகவே தோன்றுவதில்லை. ஆகவே சம்பளக் கணக்கிலேயே சேமிக்க முயல வேண்டாம், யு.பி.ஐ. இணைக்காத இன்னொரு வங்கிக் கணக்கைத் தொடங்கி, சம்பளம் வரும் நாளிலேயே ஒரு தொகை தானாக அங்கே மாறும்படி எழுதிக்கொடுத்துவிடுங்கள். கீழே கோவை மருத்துவமனைக்கு இறங்க நேர்ந்தால் உதவும் பணம் அதில்தான் சேர வேண்டும்.

இனி உங்கள் கடன். 12 சதவீதம் என்பது பார்வைக்குத்தான் குறைவு. ஃபிளாட் முறையில், நீங்கள் திருப்பிக் கட்டிய அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி கணக்கிடப்படுகிறது. குறையும் அசலின்மேல் கணக்கிட்டால் உண்மை வட்டி 21 சதவீதத்துக்குமேல் வருகிறது. ஓராண்டில் 45,336 ரூபாய் கட்டிய பிறகும் அசலில் ஏறக்குறைய 73,000 ரூபாய் நிற்கும். கடன் கொடுத்த நிறுவனத்திடம் முன்கூட்டியே முடிப்பதற்கான தொகையையும் அதற்கான கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள். தொகை இதற்கு அருகில் இருந்தால், அம்மாவின் வைப்புத்தொகையிலிருந்து அதை எடுத்துக் கடனை முடித்துவிட்டு, அதே 3,778 ரூபாயை மீதி 24 மாதங்களும் அம்மாவின் கணக்கில் போடுங்கள். அவர் கொடுத்தது 73,000. திரும்பி வருவது 90,672. எந்த வைப்புத்தொகையும் அவருக்கு இவ்வளவு தராது. உங்களுக்கோ ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையில் எழுத்து எதற்கு என்று கூச்சப்படாமல் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவையுங்கள், ஏனென்றால் நிறுவனத்துக்குத் தவறாமல் கட்டுபவர்கள் அம்மாவுக்குத் தவறவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கைபேசித் தவணை முடியும் மாதத்திலேயே அந்த 2,000 ரூபாயை மாதந்தோறும் கட்டும் தொடர் வைப்பான அஞ்சலக ஆர்.டி.க்குத் திருப்பிவிடுங்கள். 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 6.7 சதவீத வட்டியில், 60 மாதங்களில் கட்டும் 1,20,000 ரூபாய் ஏறக்குறைய 1,42,700 ஆகும். வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கிறது, ஆனால் சேரும் நாளில் உள்ள விகிதமே கடைசிவரை நிற்கும். மலையில் வேலை செய்பவர்கள் கவனிக்காத ஒரு வசதி இதில் உண்டு: 6 மாதத் தவணையை ஒன்றாக முன்கூட்டியே கட்டினால், மாதத் தவணையின் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 10 ரூபாய் வீதம் தள்ளுபடி. ஏப்ரல், மே சீசனில் உங்களுக்குக் கூடுதலாக ஏதேனும் கிடைத்தால், மழைக்காலத்துத் தவணைகளை அப்போதே கட்டிவிடலாம். ஓராண்டு தவறாமல் கட்டியிருந்தால், அவசரத்துக்கு இருப்பில் பாதி வரை கடனாகப் பெறவும் முடியும்.

பவுனைப் பற்றி அம்மா சொல்வதில் பாதி நியாயம். அவசரத்துக்கு அடகு வைக்க நகையைப் போல் கைகொடுப்பது வேறில்லை. ஆனால் அந்த நோக்கத்துக்கு வீட்டில் இருக்கும் நகையே போதும். மேலும் வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று கடையிலேயே ஒரு பங்கு கழிந்துவிடும். சீட்டு என்றால், 1982ஆம் ஆண்டுச் சிட் நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேட்காமல் சேர வேண்டாம்.

அம்மாவிடம் மீதமிருக்கும் ஏறக்குறைய 3,27,000 ரூபாயையும் பாருங்கள். 60 வயது கடந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 8.2 சதவீத வட்டியில், லட்சத்துக்குக் காலாண்டுதோறும் 2,050 ரூபாய் கைக்கு வரும். 3 லட்சம் போட்டால் 6,150; கொழுந்து வராத குளிர்மாதங்களில் தோட்டச் செலவுக்கு அது தாங்கும். கணக்குத் தொடங்கும் அன்றே வாரிசு நியமனப் பகுதியை நிரப்பிவிடுங்கள், அம்மாவின் கையெழுத்து வங்கியிலும் அஞ்சலகத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.