பியானோ வகுப்பு: ஃபீஸைக் கேட்கும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்

அம்மா, மகள் ஆறாம் வகுப்பு, ஞாயிறுதோறும் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறாள், முறையாகப் பியானோ படிக்க ஆசைப்படுகிறாள், கோத்தகிரியிலேயே குரூப் வகுப்பில் போட்டால் மாதம் 1,500, குன்னூரில் ஒரு டீச்சரிடம் தனியாக அனுப்பினால் 3,000, எதில் சேர்ப்பது, நாளைக்கு இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சைத் தேயிலை விலையை நம்பி ஓடுகிற வீட்டில் இரண்டு மடங்கு ஃபீஸ் லேசான விஷயம் இல்லை. அதனால் கணக்கையே முதலில் பார்த்துவிடலாம்.

குரூப் வகுப்பு வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், ஆறு பிள்ளைகள் என்கிறீர்கள். அப்படியென்றால் டீச்சர் உங்கள் மகள் பக்கத்தில் நிற்பது ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம், மாதத்துக்கு 80 நிமிடம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 ரூபாய். குன்னூரில் வாரம் ஒரு நாள் அரை மணி நேரம்தான், ஆனால் முழுக்க அவளுக்கே. மாதம் 120 நிமிடம், நிமிடத்துக்கு 25 ரூபாய். பஸ் செலவைச் சேர்த்தாலும் வித்தியாசம் நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை. என்னைக் கேட்டால் தனி வகுப்பு. ஏனென்றால் ஆரம்பத்தில் மணிக்கட்டு தொங்குவதும், விரல்கள் தட்டையாகப் படுத்துக்கொள்வதும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர் கண்ணில்தான் படும்; இரண்டு வருடம் அப்படியே பழகிவிட்டால் அதை மாற்றுவது பெரிய பாடு.

ஆனால் தனி வகுப்பு என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உங்களுக்கு இசை தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் கடைசி வரை கேட்கிறாரா, இல்லை ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்துகிறாரா? உட்காரும் உயரத்தைச் சரிசெய்கிறாரா? முழங்கை ஏறக்குறைய பியானோக் கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குப் பலகையோ மடித்த கம்பளியோ போட்டுத்தான் அது வரும். தானே வாசித்துக் காட்டி அசத்துவதிலேயே பாதி நேரம் போகிறதா? வகுப்பு முடிந்ததும் நோட்டில், இந்த வாரம் இடது கை மட்டும், இந்த நாலு வரி மட்டும், மெதுவாக, என்று எழுதிக் கொடுக்கிறாரா? இந்தக் கடைசி விஷயத்துக்கு நான் ரொம்ப மதிப்புக் கொடுப்பேன். வாரத்தில் அரை மணிதான் டீச்சரிடம், மீதி ஆறு நாளும் பிள்ளை தனியாக உட்காரப்போகிறாள், அந்த ஆறு நாளில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் கிரேடு, அதாவது படிப்படியாக ஏறிப் போகும் இசைத் தேர்வுகள். ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இரண்டும் லண்டன் அமைப்புகள் நடத்தும் தேர்வுகள், இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஏபிஆர்எஸ்எம்மில் தேர்வாளர் முன் நேரில் வாசிக்கும் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண். மூன்று பாடல்களுக்கு 90, மீதி 60 ஸ்கேல் (ஸ்வர வரிசை), சைட் ரீடிங் (தெரியாத பாட்டைப் பார்த்த உடனே வாசிப்பது), காதால் கேட்டுச் சொல்வது ஆகியவற்றுக்கு. பாஸுக்கு 100 வேண்டும். வருடம் முழுக்க அந்த மூன்று பாடல்களையே உருப்போட வைத்து, தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால் மற்றதைத் தொட்டுக்கொள்கிற டீச்சர்கள் உண்டு. பிள்ளை ஒவ்வொரு கிரேடாகப் பாஸாகிக்கொண்டே போவாள், ஒரு புதுப் பாட்டை முன்னால் வைத்தால் படிக்கத் தெரியாது. அதனால் அந்த டீச்சரிடம் இரண்டு மூன்று வருடம் படித்த பிள்ளை யாராவது இருந்தால், அவளுக்குத் தெரியாத ஒரு சுலபமான பாட்டை நோட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) பார்த்து மெதுவாக வாசிக்க முடிகிறதா என்று கேளுங்கள். சான்றிதழை விட அது நிறையச் சொல்லும்.

இன்னொன்று, டிரினிட்டியில் பியானோவுக்குத் தனிப் பாடத்திட்டம், எலெக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனிப் பாடத்திட்டம். எதற்குத் தயார்செய்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தேர்வுக் கட்டணம் தனி, கிரேடு ஏற ஏற அதுவும் ஏறும். இப்போது வீடியோவில் பதிவு செய்து அனுப்பும் தேர்வு இரண்டிலும் இருக்கிறது, மலையில் இருக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

நம் ஊருக்கென்றே சில சங்கதிகள். ராணுவ அதிகாரிகள் படிக்க வரும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் குடும்பங்களில் நல்ல டீச்சர் கிடைக்கலாம், ஆனால் அந்தப் படிப்பு ஒரு வருடத்துக்குள் முடிந்து அவர்கள் கிளம்பிவிடுவார்கள். எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. போர்டிங் ஸ்கூல் டீச்சர் என்றால் லீவு மாதங்களில் வகுப்பு இருக்குமா என்று கேளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்தால், மே மாதம் சீசன் கூட்டத்தில் வண்டி நகராமல் நின்றால், விட்டுப்போன வகுப்பை ஈடுகட்டுவார்களா, அந்த நாட்களில் வீடியோ காலில் எடுப்பார்களா என்பதையும் சேரும்போதே பேசிவிடுங்கள். ஒரு வருட ஃபீஸை மொத்தமாகக் கட்டச் சொன்னால் கட்ட வேண்டாம், தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

வாத்தியத்துக்கு அவசரமே இல்லை. தொட்டால் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் 61 கட்டை கீபோர்டு வீட்டில் இருந்தால் முதல் சில மாதங்களுக்குப் போதும். பிறகு 88 கட்டை, எடையுள்ள கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ வாங்கலாம். யாரோ பங்களாவைக் காலி செய்கிறார்கள், பழைய பியானோ மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைகாட்டுவார்கள். நம் ஈரத்தில் மரம் உப்பிக் கட்டைகள் எழும்பாமல் நிற்கும், கம்பி துருப்பிடிக்கும், கம்பளித் துணியில் பூஞ்சை ஏறும். ஒவ்வொரு கட்டையாக மெதுவாக அழுத்தி, விட்டதும் மேலே வருகிறதா என்று பாருங்கள், மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ட்யூன் செய்கிறவர் சமவெளியிலிருந்து ஏறி வர வேண்டியிருந்தால் அவருடைய கூலியும் வண்டிச் செலவும் ஒவ்வொரு தடவையும் உங்கள் தலையில்தான்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். பள்ளிகளில் இசை ஆசிரியர், தனி வகுப்பு, சர்ச்சில் வாசிப்பது, ஸ்டுடியோவில் கீபோர்டு, பாடகர்களுக்குத் துணை வாசிப்பு என்று வழிகள் உண்டு. பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் வருமானம் வரும். ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் சென்னையில் தொடங்கிய கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடத்தில் முழுநேரமாகப் படிப்பது பிறகு யோசிக்க வேண்டிய விஷயம். ஆறாம் வகுப்பில் அந்த முடிவை எடுக்க வேண்டாம், அந்த எதிர்பார்ப்பை அவள் காதில் போடவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு முடியும்போது யாரும் சொல்லாமலே தினமும் உட்காருகிறாளா, ஏபிஆர்எஸ்எம் வழியில் போனால் ஐந்தாம் கிரேடு தியரியை (இசை இலக்கணத் தேர்வு) முடித்துவிட்டாளா என்று பாருங்கள். ஆறாம் கிரேடுக்குப் போக அந்தத் தியரியோ அதற்கு ஈடான தேர்வோ வேண்டும். அப்போது மறுபடி பேசுவோம்.

இப்போதைக்கு இந்தச் சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு குன்னூர் போய் அந்த வகுப்பைப் பாருங்கள். சேர்ப்பதாக இருந்தால் வார நாள் சாயங்காலம் வேண்டாம், சனிக்கிழமை காலை நேரமே கேளுங்கள். பனி இறங்குவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.