கடவுளைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா?

வேதாகம எபிரெயு மொழி கற்பிப்பவன் என்பதால் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இலக்கணத்தைப் பற்றியவை. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அவற்றைச் சேர்த்துத் தருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து பேசுகிறார்கள். "கடவுளுக்கு யெகோவா என்று பெயர் இருக்கிறது. உங்கள் பைபிளில் அதை எடுத்துவிட்டு கர்த்தர் என்று போட்டுவிட்டார்கள். பெயர் சொல்லாத ஜெபம் எங்கே போய்ச் சேரும்?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து மனம் சரியில்லை.
வாசகி, தூத்துக்குடி

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை, சகோதரி. அந்தப் பாதியை நாம் மறுக்கவும் கூடாது. எபிரெய பழைய ஏற்பாட்டில் யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எழுத்துகளால் ஆன பெயர் 6,800 தடவைக்கும் மேல் வருகிறது. ஒரு காலத்தில் அதைச் சாதாரண ஜனங்கள் தாராளமாகச் சொன்னார்கள். ரூத் புத்தகத்தில் வயலுக்கு வரும் போவாஸ், அறுக்கிறவர்களைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்துகிறார். அவர்களும் அதே பெயரைச் சொல்லிப் பதில் வாழ்த்துகிறார்கள். லாகீஸ் ஊரின் இடிபாடுகளில் 1935-இல் கிடைத்த பானை ஓட்டுக் கடிதங்கள், எருசலேம் விழுவதற்குக் கொஞ்சம் முன் படையில் இருந்தவர்கள் எழுதியவை. நாம் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதைப் போல, அவையும் இந்தப் பெயரைச் சொல்லி நலம் வேண்டித்தான் தொடங்குகின்றன.

பின்னால் யூதர்கள் பக்தியின் காரணமாக அதை உச்சரிப்பதை நிறுத்தி, அந்த இடத்தில் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று வாசித்தார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 'கூரியோஸ்' ஆனது. நமக்குக் 'கர்த்தர்' ஆனது. இதில் திருட்டு எதுவும் இல்லை. சொல்லப்போனால் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஓர் அருமையான காரியம் செய்திருக்கிறார்கள். அந்த நான்கு எழுத்து வரும் இடத்தில் 'கர்த்தர்', 'அதோனாய்' போன்ற சொற்கள் வரும் இடத்தில் 'ஆண்டவர்' என்று பெரும்பாலும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். 110-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள்: "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி..." அங்கே 'கர்த்தர்' என்பது பெயரின் இடம், 'ஆண்டவர்' என்பது பட்டத்தின் இடம். இது தெரிந்துவிட்டால் உங்கள் கையில் இருக்கும் வேதாகமத்திலேயே அந்தப் பெயரை விரல் வைத்துக் காட்டலாம்.

சரி, மீதிப் பாதி. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யெகோவாவின் சாட்சிகளாக இருக்க வேண்டும். 1931-இல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட அவர்களுடைய அமைப்பார், தங்கள் மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாட்டுக்குள்ளும் 237 இடங்களில் யெகோவா என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் நம்மிடம் இருக்கும் புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் ஒன்றில்கூட அந்த நான்கு எழுத்து இல்லை. "கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான்" என்ற யோவேலின் வாக்கைப் பவுல் ரோமர் 10-இல் எடுத்தாளும்போது கூரியோஸ் என்றுதான் எழுதுகிறார். அதுவும் இயேசுவைக் கர்த்தர் என்று அறிக்கை செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில். சீஷர்கள் ஜெபிக்கக் கற்றுத்தரும்படி கேட்டபோது இயேசு 'எங்கள் பிதாவே' என்று தொடங்கினார்.

நம் ஊரில் எந்தப் பிள்ளையும் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதற்காக அப்பா பேர் தெரியாத பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை. அப்பா பேரின் முதல் எழுத்தைத் தன் பேருக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் அது பள்ளிக்கூடம் போகிறது. பெயரை அறிந்திருப்பது வேறு, பெயர் சொல்லி விளிப்பது வேறு. நீங்கள் 'பிதாவே' என்று அழைத்த ஒரு ஜெபமும் வழிதவறிப் போகவில்லை.

யெகோவா, யாவே, யாஹ்வே. எது சரியான உச்சரிப்பு?
வாசகர், நாகர்கோவில்

எபிரெயம் பழங்காலத்தில் மெய்யெழுத்துகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. 'கடவுள்' என்பதை 'க்ட்வ்ள்' என்று எழுதிவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பேசிப் பழகியவருக்கு வாசிப்பதில் சிரமம் இருக்காது. ஆனால் பல நூற்றாண்டுகள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லாமல் விட்டால்? அதுதான் இங்கே நடந்தது.

கிறிஸ்துவுக்குப் பின் ஆறாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை உழைத்த மசோரேத்தியர் என்ற யூத அறிஞர்கள், வேதத்துக்கு உயிர்க்குறிகள் இட்டார்கள். இந்தப் பெயர் வந்த இடத்தில் மட்டும், 'இங்கே அதோனாய் என்று வாசி' என்று நினைவூட்டுவதற்காக அந்தச் சொல்லின் உயிர்க்குறிகளை இதன்மேல் போட்டார்கள். இந்த வழக்கம் தெரியாத ஐரோப்பிய வாசகர்கள், ஒரு சொல்லின் மெய்யையும் இன்னொரு சொல்லின் உயிரையும் சேர்த்து அப்படியே படித்தார்கள். 'யெகோவா' பிறந்தது இப்படித்தான். 1611-இன் ஆங்கில வேதாகமத்தில் அது மிகச் சில இடங்களில் மட்டும் வந்தது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் யாத்திராகமம் 6:3, 83-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம், ஏசாயா 12:2 போன்ற இடங்களில் 'யேகோவா' என்று பார்க்கலாம்.

'யாவே' என்பது அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம். அதற்குச் சான்று உண்டு. சமாரியர் இப்பெயரை ஏறக்குறைய 'யாவே' என்று ஒலித்ததாக ஐந்தாம் நூற்றாண்டின் ஆயர் தெயோதொரேத்து கிரேக்க எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார். 'அல்லேலூயா' என்பதன் கடைசியில் வரும் 'யா' இப்பெயரின் சுருக்கமே. ஆகவே முதல் அசை 'யா' என்பதில் சந்தேகம் குறைவு. மொத்தத்தில் யாவே சரித்திரத்துக்கு அருகில் நிற்கிறது, யெகோவா பழக்கத்தில் ஊறியிருக்கிறது. ஆனால் 'யெகோவா தேவனே' என்று கண்ணீரோடு ஜெபித்த உங்கள் பாட்டியின் ஜெபத்தில் உச்சரிப்புப் பிழை பார்க்காதீர்கள். எபிரெயம் கற்ற மாணவர்கள் சபையில் எழுந்து பெரியவர்களைத் திருத்துவதைக் கண்டிருக்கிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தந்த காட்சி அது.

யூதர்கள் பயந்து சொல்லாத பெயரை நாம் பாட்டிலும் மைக்கிலும் சத்தமாகச் சொல்கிறோமே, இது பாவமா?
வாசகர், திருச்சி

பாவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய மௌனத்தை வெறும் பயம் என்றும் நினைக்காதீர்கள். தேவாலயம் இருந்த நாட்களில் பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வார். அது காதில் விழுந்ததும் பிராகாரத்தில் நிற்கும் ஜனங்கள் முகங்குப்புற விழுவார்கள். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இதை விவரிக்கிறது. அன்று ஒரே நாளில் பத்துத் தடவை அவர் அதைச் சொல்வார் என்று, மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தால்முத் கணக்கு வைத்திருக்கிறது. கி.பி. 70-இல் தேவாலயம் இடிந்தது. சொல்வதற்கான இடமும் அதோடு போயிற்று. இன்றும் யூதர்கள் ஜெபத்தில் அதோனாய் என்றும், பேச்சு வழக்கில் 'ஹஷ்ஷேம்', அதாவது 'அந்தப் பெயர்' என்றும் சொல்கிறார்கள். அப்பெயர் எழுதிய தாள் நைந்துபோனால் குப்பையில் போடாமல் மண்ணில் புதைக்கிறார்கள்.

எனக்கு எபிரெயம் கற்றுத்தந்த ஆசிரியர் கிறிஸ்தவர்தான். ஆனாலும் அந்த நான்கு எழுத்து வந்தால் ஒரு கணம் நின்று, மூச்சை இழுத்துவிட்டு 'அதோனாய்' என்பார். எங்களை அப்படிச் செய்யச் சொன்னதே இல்லை. ஆறு மாதத்தில் வகுப்பு முழுவதும் அப்படியே வாசிக்கத் தொடங்கியிருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை 2008 ஜூன் 29 தேதியிட்ட கடிதத்தில், திருவழிபாட்டிலும் பாடல்களிலும் 'யாவே' என்று உச்சரிக்க வேண்டாம், ஆண்டவர் என்றே சொல்லுங்கள் என்று ஆயர்களுக்கு அறிவுறுத்தியது. என் மனமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. படிப்பறையில் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆராதனையில் கர்த்தர் என்றோ ஆண்டவர் என்றோ அழையுங்கள். யூதர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கட்டாயம் அப்படிச் செய்யுங்கள்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. "நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக" என்ற கட்டளையில் எபிரெய வினைச்சொல் 'நாசா'. அதற்குத் தூக்கு, சும என்று பொருள். உதட்டால் சொல்வதோடு அது நிற்பதில்லை. ஒருவர் தன் ஆசையைத் தூக்கிவந்து, அதன்மேல் கடவுளின் பெயரை ஒட்டி, "கர்த்தர் எனக்குச் சொன்னார், உன் நகையைக் காணிக்கையாகக் கொடு" என்று ஒரு விதவையிடம் சொல்கிறாரே, அதுதான் வீணிலே வழங்குவது. அவர் கர்த்தர் என்று சொன்னாரா, யெகோவா என்று சொன்னாரா என்பது அங்கே கேள்வியே இல்லை.

யெகோவாயீரே, யெகோவாநிசி, யெகோவா ராப்பா என்று தேவைக்குத் தக்க பெயரைச் சொல்லி ஜெபித்தால் பலன் அதிகமா?
வாசகி, கோயம்புத்தூர்

வசனங்களை நிதானமாகப் படித்தால் பதில் கிடைத்துவிடும். ஆதியாகமம் 22-இல் யேகோவாயீரே ('கர்த்தர் பார்த்துக்கொள்வார்') என்பது ஆபிரகாம் அந்த இடத்துக்கு இட்ட பெயர். யாத்திராகமம் 17-இல் யேகோவாநிசி ('கர்த்தர் என் கொடி') என்பது மோசே கட்டின பலிபீடத்தின் பெயர். கிதியோனின் யேகோவா ஷாலோமும் ('கர்த்தர் சமாதானம்') பலிபீடமே. ராப்பா மட்டும் வேறு: "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்று கடவுளே தம்மைப் பற்றிச் சொன்னது. ஆக இவற்றில் பல, நன்றி மறக்காமல் இருக்க மனிதர்கள் நட்ட நினைவுக் கற்கள். அந்த நன்றியோடு பாடுங்கள், நல்லது. பணத்துக்கு ஒரு பெயர், வியாதிக்கு ஒரு பெயர் என்று சாவிக்கொத்து போல வைத்துக்கொண்டால், அது ஜெபம் அல்ல, மந்திரம்.

இயேசு என்று சொல்லக் கூடாதாம், யெஷுவா என்றுதான் சொல்ல வேண்டுமாம். உண்மையா?
வாசகர், வேலூர்

இல்லை. அவரோடு நடந்தவர்களும் அவர்கள் காலத்தவர்களும் கிரேக்கத்தில் எழுதியபோது 'யேசூஸ்' என்றே தயங்காமல் எழுதினார்கள். அவர்களுக்கு இல்லாத தயக்கம் நமக்கு எதற்கு? தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் 'சேசு' என்றார்கள், அவர்களுக்கும் அவர் பதில் தந்தார். 'யெஷுவா' என்பதில் இரட்சிப்பு என்ற பொருள் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், அது அழகு.

தேவன், கடவுள், இறைவன், பராபரன். தமிழில் எது சரி?
வாசகர், யாழ்ப்பாணம்

இவை எதுவும் தனிப்பெயர் அல்ல. ஆனாலும் இந்தச் சொற்களுக்காக நம் முன்னோர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1578-இல் கொல்லத்தில் அச்சான ஹென்ரிக்கே அடிகளின் சிறு நூலின் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்று எழுதினார். உங்கள் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார், இளைஞராயிருந்த ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தை மொழிபெயர்த்தார். 1871-இன் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்பதை நிலைநாட்டியது. பராபரனில் ஊறிய லுத்தரன் சபையாருக்கு அதை ஏற்க எளிதில் மனம் வரவில்லை. 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்றது.

எனக்குப் பிடித்தது 'கடவுள்'தான். கடந்தும் உள்ளும் இருப்பவர் என்று பெரியவர்கள் அதற்கு விளக்கம் சொல்வார்கள். ஆனால் பராபரன் என்று பாடும் பழைய கீர்த்தனையை மாற்றச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 'அல்லாஹ்' என்று சொல்வது பற்றி வழக்கே நடந்தது. அது இஸ்லாமியக் கடவுளின் பெயர் இல்லையா? நாம் ஏன் அதற்குப் போராட வேண்டும்?
வாசகி, கிள்ளான்

அரபு பேசும் கிறிஸ்தவர்கள் எகிப்திலும் லெபனானிலும் சிரியாவிலும் இன்றுவரை 'அல்லாஹ்' என்றுதான் ஜெபிக்கிறார்கள். அவர்களுடைய வேதாகமத்திலும் அதே சொல்தான். மலாய் பேசும் கிறிஸ்தவர்களுக்கும், முக்கியமாகக் கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் மாநில மக்களுக்கு, அது தாத்தா காலத்திலிருந்து வரும் ஜெபச் சொல். உங்கள் நாட்டின் 'ஹெரால்டு' கத்தோலிக்க வார இதழின் மலாய்ப் பகுதியில் அது வந்ததால்தான் வழக்கு. அதே இதழில் தமிழ்ப் பகுதியும் உண்டு, ஆனால் அதற்கு இந்தச் சிக்கல் வரவில்லை. 2009 டிசம்பர் 31-இல் உயர்நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க அனுமதி தரவில்லை. சரவாக்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி தொடுத்த தனி வழக்கில் 2021 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அந்தச் சொல் இஸ்லாமியருக்கு எவ்வளவு உயிரானது என்பதை மதிக்கிறேன். குழப்பம் வருமோ என்ற அவர்களுடைய அச்சத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல்லித்தந்த ஜெபச் சொல்லை அவள் வாயிலிருந்து பிடுங்குவது சரியென்று எனக்குப் படவில்லை. நாளை யாராவது வந்து 'ஆண்டவர் என்று நீங்கள் சொல்லக் கூடாது' என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

ஓய்வுநாள் பள்ளியில் ஆறு வயதுக் குழந்தை, "மிஸ், இயேசப்பாவோட அப்பா பேர் என்ன?" என்று கேட்டது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
வாசகி, மதுரை

மோசேயும் இதைத்தான் கேட்டார். "அவருடைய நாமம் என்ன என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்?" என்று எரிகிற முட்செடியின் முன் நின்று கேட்டவருக்குக் கிடைத்த பதில், "இருக்கிறவராக இருக்கிறேன்." ஆறு வயதுக்கு அதுவே போதும்: 'அவர் பேருக்கு, எப்போதும் இருக்கிறவர் என்று அர்த்தம், கண்ணு.' இயேசுவும் அவரை 'அப்பா' என்றே கூப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். மாற்கு 14:36-இல் வரும் அரமேயச் சொல் 'அப்பா' நம் வீட்டுச் சொல்லைப் போலவே ஒலிப்பதில் குழந்தைகளுக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

அப்புறம் ஒரு விளையாட்டு. கரும்பலகையில் எலியா, ஏசாயா, எரேமியா, யோனத்தான், யோவேல், யோவான் என்று எழுதி, 'யா', 'யோ' வரும் இடத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள். எல்லாம் அந்தப் பெயரின் துண்டுகள். எலியா என்றால் 'என் தேவன் யா', யோனத்தான் என்றால் 'யா கொடுத்தார்', யோவான் என்றால் 'யா கிருபை செய்தார்'. உங்கள் வகுப்பிலேயே ஒரு ஜானோ ஜோயலோ நிச்சயம் இருப்பான். அவனை எழுப்பி நிறுத்தி, அவன் பேருக்குள் யாருடைய பேர் இருக்கிறது என்று அந்தக் குழந்தையிடமே கேளுங்கள்.