டாரட்டின் ஃபூல் அட்டையும் இருத்தலியலும்: கேள்வி பதில்

டாரட் என்ற சித்திரச் சீட்டுக்கட்டில் வரும் ஃபூல் (முட்டாள்) அட்டையை வைத்து நம்மை நாமே எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் குறி சொல்பவள் இல்லை. தத்துவம் படித்தவள், இந்த அட்டைகளை நாட்குறிப்பின் பக்கத்தில் வைத்துப் பழகியவள். அந்த அளவில்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், இந்த அட்டை வந்தால் முட்டாள்தனம் செய்யப்போகிறோம் என்று அர்த்தமா?

இல்லை. முதலில் படத்தைப் பொறுமையாகப் பாருங்கள். 1909இல் லண்டனில் வெளியான ரைடர்-வெய்ட் என்ற டாரட் கட்டுக்காக பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. மஞ்சள் வானம். மலை விளிம்பில் ஓர் இளைஞன், இடக்கையில் வெள்ளை ரோஜா, தோளில் கோலில் கட்டிய சின்ன மூட்டை. காலடியில் ஒரு வெள்ளை நாய் துள்ளுகிறது. அவன் முகமோ மேலே பார்க்கிறது. எண் பூஜ்யம். இவனைப் 'பேதை' என்று சொல்ல எனக்குப் பிடிக்கும். பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவதற்கும் அதுதானே பெயர்!

கேள்வி: ஆறு மாதமாக வேலையை விடலாமா என்று யோசிக்கிறேன். அந்த விளிம்பைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. இது எச்சரிக்கையா, அக்கா?

அந்தப் பிசைவுதான் இந்த அட்டையில் முக்கியமான இடம். டென்மார்க்கின் தத்துவவாதி கீர்க்கெகார்ட் 1844இல் இதைப் பற்றி எழுதினார். ஆழத்தை எட்டிப் பார்ப்பவனுக்குத் தலை சுற்றுகிறது. பதற்றம் என்பது சுதந்திரத்தின் தலைசுற்றல் என்றார். மனிதன் தன் தேர்வுகளால்தான் தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்பது இருத்தலியல். அந்த வழியில் வந்த பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943இல் அதையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். மலைப்பாதையில் கல் சறுக்கிவிடுமோ என்று நினைப்பது பயம். நானே என்ன செய்துவிடுவேனோ, என்னைத் தடுக்க என்னைத் தவிர ஆளில்லையே என்று உணர்வது பதற்றம்.

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், உங்களுக்கு என்னென்ன நேரலாம் என்று எழுதுங்கள்: வீட்டுக் கடன் தவணை, அப்பாவின் மருந்துச் செலவு. இவை பயங்கள். கணக்குப் போட்டால் பாதிக்காவது வழி கிடைக்கும். வலப்பக்கம், நீங்கள் என்ன செய்யக்கூடும் என்று எழுதுங்கள். அங்கே பேனா நின்றுவிடும். நிற்கட்டும், அவசரப்படாதீர்கள்.

கேள்வி: அந்த நாய் எதற்கு?

நான் ஒரு வேலையில் மனம் புழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இந்த அட்டையை எடுத்தேன். 'நாய் போகாதே என்று குரைக்கிறது' என்று நாட்குறிப்பில் எழுதினேன். இரண்டு வருடம் கழித்து, வேலையை விட்ட பிறகு, அதே அட்டை வந்தது. 'நாயும் கூடவே வருகிறது' என்று எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்த அன்றைக்குக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

கேள்வி: அப்படியென்றால் அட்டை எதுவுமே சொல்வதில்லையா? அப்புறம் ஏன் எடுக்க வேண்டும்?

1945இல் பாரிஸில் ஆற்றிய உரையில் சார்த்தர் தன் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். போர்க்காலம். தனியாக இருக்கும் தாயோடு தங்குவதா, இங்கிலாந்துக்குப் போய்ப் படையில் சேர்வதா என்று கேட்க வந்தவன். 'நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு' என்பதுதான் பதில். உலகில் அடையாளங்கள் இருக்கின்றன என்றே வைத்துக்கொண்டாலும், அவற்றுக்குப் பொருள் கொடுப்பது நான்தான் என்றும் அதே உரையில் சொல்கிறார். என் நாய் விஷயத்தில் நடந்தது அதுதான். முடிவு எடுத்துத்தர அட்டையால் முடியாது. ஆனால் நீங்கள் மனதுக்குள் ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள் என்பதை அது வெளியே கொண்டுவரும்.

கேள்வி: டாரட் பழைய எகிப்தின் ஞானம் என்கிறார்களே?

இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடிய சீட்டாட்டம் அது. எகிப்துக் கதையை 1781இல் பரப்பியவர் கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தின் சித்திர எழுத்தை அப்போது யாராலும் படிக்கவே முடியாது.

கேள்வி: பிடிக்காத அட்டை வந்தால் மறுபடி கலைத்து எடுக்கலாமா?

எடுங்கள், தப்பில்லை. ஆனால் கலைப்பதற்கு முன்னால், எந்த அட்டை வர வேண்டும் என்று காத்திருந்தீர்கள் என்பதை எழுதிவைத்துவிடுங்கள்.