சொட்டாங்கல் ஆடிய வயதை எழுதலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 22. பள்ளத்தூரில் பெற்றோருடனும் அப்பத்தாவுடனும் இருந்துகொண்டு, காரைக்குடியில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். எங்கள் வீட்டில் பாதிக்கு மேற்பட்ட அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் ஓர் அறையில் நானும் என் புத்தகங்களும் இருக்கிறோம். கதைகள், திரைப்படங்கள் இரண்டின் மீதும் எனக்குத் தீராத ஆசை. எதைப் படித்தாலும், எதைப் பார்த்தாலும், அதில் வரும் சிறுமியிடமே என் மனம் நின்றுவிடுகிறது. அவளைப் போன்ற ஒருத்தியாக நான் இருந்த நாட்களை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. "கல்யாணம் பேசுகிற வயதில் சின்னப் பிள்ளைக் கதை எதற்கு?" என்று அப்பத்தா கேட்கிறார்கள். பெண் பிள்ளையின் சிறுவயது எழுதத் தகுந்த பொருள்தானா? — வாசகி, பள்ளத்தூர்.

பதில்: தகுந்த பொருள்தான். நம் மொழி அதை மிகப் பழங்காலத்திலேயே தொட்டிருக்கிறது என்பதைத் தமிழ் படிக்கும் உங்களுக்கு முதலில் நினைவூட்ட விரும்புகிறேன்.

நற்றிணையின் 172ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோழிகளோடு விளையாடும்போது வெண்மணலில் அழுத்திவைத்த புன்னை விதையைச் சிறுமிகள் மறந்துபோகிறார்கள். அது முளைத்து வருகிறது. நெய் கலந்த பாலை ஊற்றி அதை வளர்க்கிறார்கள். அந்த மரம் உங்களைவிடச் சிறந்த உங்கள் தங்கை என்று தாய் சொல்லிவிடுகிறாள். வளர்ந்த பிறகு அந்த மரத்தின் நிழலில் தலைவனோடு சிரித்துப் பேச அவர்களுக்கு நாணமாக இருக்கிறது, ஏனென்றால் தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதே நற்றிணையில் போதனார் பாடிய 110ஆம் பாட்டில், பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை வைத்துக்கொண்டு நரைத்த செவிலியர் துரத்த, குடிக்க மாட்டேன் என்று முத்துச் சிலம்பு ஒலிக்கப் பந்தலைச் சுற்றி ஓடுகிறாள் ஒரு பெண். அவளே பின்னால் கணவன் வீட்டு வறுமையில் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்டு, தந்தை வீட்டுச் சோற்றை நினைக்கவும் மறுக்கிறாள். அந்தப் பந்தலும் ஓட்டமும் இல்லாவிட்டால் பிந்தைய உறுதி நமக்கு வெறும் செய்தியாகத்தான் வந்து சேரும். சிறுவயதை எழுதுவதால் என்ன பயன் என்று அப்பத்தா மறுபடி கேட்டால், இந்தப் பாட்டை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நம் இலக்கணங்கள் பேதைக்கு 5 முதல் 7 வயது என்றும், பெதும்பைக்கு 8 முதல் 11 என்றும் பருவம் வகுத்தன. உலா நூல்களோ அந்தப் பருவங்களை வீதியில் பவனி வரும் தலைவனைப் பார்த்து நிற்பவர்களின் வரிசையாக மட்டுமே அடுக்கின. அந்தச் சிறுமி வீட்டுக்குள் போன பிறகு என்ன செய்தாள், யாரோடு சண்டை போட்டாள், இரவில் எதற்குப் பயந்தாள் என்று உலா கேட்கவில்லை. நம் திரைப்படங்கள் பலவும் இதே வழியில்தான் சென்றன. கொலுசணிந்த சின்னக் கால்கள் ஓடும், அடுத்த காட்சியில் அவை கதாநாயகியின் கால்களாகிவிடும். இடையில் கழிந்த பத்தாண்டுகளை நாம் பார்த்ததே இல்லை. நீங்கள் எழுத விரும்புவது அந்தப் பத்தாண்டுகளை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அவற்றை விட்டுவிடாத படங்களும் உண்டு. சத்யஜித் ராய் 1955இல் எடுத்த 'பதேர் பாஞ்சாலி'யின் துர்கா, தோட்டத்துப் பழத்தை எடுத்துக்கொண்டுபோய் வீட்டுக் கிழவிக்குக் கொடுப்பவள். பாசிமணி மாலையைத் திருடினாள் என்ற பழிக்கு ஆளாகி, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் இறந்த பிறகு அந்த மாலை தம்பியின் கையில் அகப்படுகிறது. அவன் அதை யாரிடமும் காட்டாமல் குளத்தில் எறிந்துவிடுகிறான். ஒரு சிறுமியின் பொய்யை இத்தனை மரியாதையோடு காப்பாற்றிய காட்சியை நான் வேறு எங்கும் கண்டதில்லை. தமிழில், 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தை ஒன்பது வயதுச் சிறுமி தன் பிறப்பைப் பற்றிக் கேட்கும் கேள்வியே நடத்திச் செல்கிறது. இவற்றை மீண்டும் பார்க்கும்போது, கதை எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளை எந்தப் பொருளைக் கையில் வைத்திருக்கிறாள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள்.

நம் ஊர்ப்பக்கமே திரைப்படத்துக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஏவி. மெய்யப்பன் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் தம் படப்பிடிப்புத் தளத்தை அமைத்தார். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே எடுக்கப்பட்டது. டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியின் விடுதலைப் பாட்டுக்கு அதில் ஆடியவர் பன்னிரண்டு வயதளவிலிருந்த குமாரி கமலா. நாடு விடுதலை பெறச் சில மாதங்களே இருந்தபோது, அந்த மகிழ்ச்சியை முன்கூட்டியே மக்களுக்கு ஆடிக் காட்டியவள் ஒரு சிறுமி. பாரதியும் 1919இல் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தவர்தாம். பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தான் எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் சற்றுத் தொலைவில் பிரான்மலை நிற்கிறது. தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிர் சென்ற மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் ஐந்தே அடிகளில் ஒப்பிட்டுப் பாடினார்களே, அந்தப் பறம்பு மலை அதுதான். இலக்கியமும் சினிமாவும் வேறு எங்கோ நடப்பவை என்ற எண்ணம் உங்களிடம் ஒரு துளி இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. "சிறுமியாக இருந்த நாட்கள் இனியவை" என்ற வாக்கியத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். நான் என் பத்தாம் வயதை நினைத்தால் முதலில் வருவது, கோடை மதியத்தில் வீட்டுக் கூடமான பட்டாலையின் ஆத்தங்குடித் தரைக்கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்தபோது இருந்த குளிர்ச்சிதான். அடுத்து வருவது, வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொடர்கதைத் தொகுப்பு. அதில் பதினேழாம் அத்தியாயம் மட்டும் காணாமல் போயிருந்தது. அந்த அத்தியாயத்தில் என்ன நடந்திருக்கும் என்று நானும் என் அத்தை மகளும், கற்களைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் சொட்டாங்கல் ஆடிக்கொண்டே மாதக்கணக்கில் கற்பனை செய்தோம். நான் முதன்முதலாக உண்டாக்கிய கதை அதுதான் என்று இப்போது நம்புகிறேன். சங்கப் பாட்டிலும் பெண்பாற் பிள்ளைத்தமிழிலும் வரும் கழங்கைத்தான் நாங்கள் அப்போது ஆடிக்கொண்டிருந்தோம் என்பது கல்லூரிக்குப் போன பிறகே எனக்குத் தெரிந்தது.

அப்பத்தாவை மறுப்பவராக மட்டும் பார்க்காதீர்கள். வை.மு. கோதைநாயகி ஐந்தரை வயதில் மணம் முடிக்கப்பட்டவர். நன்றாக எழுதப் பழகும் முன்பே, தம் முதல் நாடகத்தை வாயால் சொல்லிச் சொல்லித் தோழியின் கையால் எழுதவைத்தார். பின்னர் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். உங்கள் வீட்டில் சொல்பவர் அப்பத்தாவாக இருக்கட்டும், எழுதும் தோழி நீங்களாக இருங்கள். கல்யாணத்தில் சீராக என்னென்ன சாமான் பரப்பினார்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். அந்தச் சாமான்களை விட்டு மெல்ல விலகி, அன்று அவர்களுக்கு வயது என்ன, முந்தின நாள் யாரோடு விளையாடினார்கள் என்று கேளுங்கள். எழுத்தாளர் அம்பை பெண்களின் வாழ்க்கையைக் குரலாகவும் படமாகவும் சேர்த்துவைக்க 1988இல் மும்பையில் ஸ்பாரோ என்னும் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். உங்கள் கையில் இருக்கும் செல்போனில் அப்பத்தாவின் குரலைப் பதிவு செய்தாலே நீங்களும் அந்தப் பணியில் சேர்ந்தவராகிறீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு ஒரு நோட்டில் எதையோ எழுதி ஒளித்துவைக்கிறாள். அதை நான் படித்துப் பார்க்கலாமா? — ஒரு தாய், தேவகோட்டை.

பதில்: படிக்க வேண்டாம், ஆச்சி. அவள் பார்த்த படத்தை அவளோடு உட்கார்ந்து நீங்களும் ஒருமுறை பாருங்கள். எந்த இடத்தில் அவள் மூச்சை அடக்கிக்கொள்கிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். நோட்டை அவளே ஒருநாள் நீட்டினால் எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் படியுங்கள்.

கேள்வி: கோட்டையூரில் எங்கள் பூர்வீக வீட்டைப் பங்கு பிரிக்கிறோம். அம்மாவைப் பெற்ற ஆயா சேர்த்த பழைய இதழ்களும் நாவல்களும் மூன்று மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்? — வாசகி, கோட்டையூர்.

பதில்: இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்தே வந்திருப்பது என்னை நெகிழச் செய்கிறது. அங்கே வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு இதழ்கள், நாடக நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள் என மற்றவர்கள் தள்ளிவிடுவதையெல்லாம் தேடிச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பே 1994இல் சென்னையில் அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நூலகமாயிற்று. எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு பட்டியல் எழுதி அங்கே அனுப்பிக் கேளுங்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்விட்ட கதவையும் தூணையும் பணம் கொடுத்தாவது திரும்ப வாங்கலாம்; இந்தத் தாள்கள் கரைந்தால் கரைந்தவைதாம்.

பட்டியலில் தலைப்பு, ஆண்டு, மாதம் ஆகியவற்றோடு இன்னொரு பத்தியும் இருக்கட்டும். பக்க ஓரங்களில் உங்கள் ஆயாவோ அவருடைய தங்கைகளோ சிறுவயதில் எழுதிப் பார்த்த பெயர்கள், போட்டுப் பார்த்த புள்ளிக்கோலங்கள், அட்டைப்பட நடிகைக்குப் பென்சிலால் வரைந்த ஜிமிக்கி ஆகியவற்றை, எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்ற குறிப்போடு, அதில் எழுதுங்கள்.