புதுத் தாமான், பழைய முச்சந்தி: சாலை நெரிசல் பற்றிய கேள்வி பதில்

செம்பனை வெட்டிய நிலத்தில் தாமான் மேல் தாமானாக, அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளாக எழும்புகிறது. எல்லாம் ஒரே பெருஞ்சாலையில் வந்து முட்டுகின்றன. சாலைத் திட்டமிடல் அறிந்த ஒருவர், நம் பட்டணத்தார் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

புதுத் தாமான் வாசி: அண்ணே, காலையில் வாயிலைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகிறது. பெருஞ்சாலையை நாலு வழியாக்கினால் தீருமா?

தீராது தம்பி. வண்டி தேங்குவது சாலையின் நடுவில் இல்லை, முச்சந்தியில். வலப்பக்கம் திரும்பி ஏறும் காருக்கு ஏறக்குறைய ஆறேழு விநாடி இடைவெளி வேண்டும். பெருஞ்சாலையில் இரு திசையும் சேர்த்து மணிக்கு 1,200 வண்டி ஓடினால் சராசரி இடைவெளி 3 விநாடி. ஒருவர் தயங்கி நின்றால், இடப்பக்கம் போக வேண்டியவரும் அவர் பின்னால் மாட்டிக்கொள்கிறார். நாலு வழியாக்கினால் கடக்க வேண்டிய தடம்தான் கூடும்.

முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. வெளியேறும் வாயிலில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனித் தடம். பெருஞ்சாலையிலிருந்து உள்ளே வலமாகத் திரும்புவோருக்கு நடுவில் ஒரு காத்திருப்புத் தடம். வரிசையில் நிற்கும் ஒரு கார் 6 முதல் 7 மீட்டர் பிடிக்கும், ஆகவே பத்துக் காருக்கு 70 மீட்டர் வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்தால் இரண்டு கார் இடம் போச்சு. வரைபடத்தில் இந்தத் தடம் 30 மீட்டர்தான் என்றால், வரிசையின் வால் நேர்ப்பாதையில் நீண்டு எல்லாரையும் அடைக்கும்.

அதே தாமான், இன்னொருவர்: சமிக்ஞை விளக்கு போட்டால் என்ன?

இருக்கிற நேரத்தைப் பங்கு போடுவதுதான் விளக்கின் வேலை. கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்று 120 விநாடி, உங்கள் வாயிலுக்குப் பச்சை 30 விநாடி என்று வைப்போம். கிளம்புவதில் 2 விநாடி வீண், பிறகு 2 விநாடிக்கு ஒரு கார். சுற்றுக்கு 14, மணிக்கு 30 சுற்று, ஆக ஒரு தடத்தில் 420 கார். நெருக்கடி மணியில் 100 வீட்டிலிருந்து 60 கார் வெளியேறினால், 600 வீட்டுக்கு 360. சமாளிக்கலாம். அடுத்த கட்டத்தில் இன்னும் 400 வீடு வந்தால் 600 கார். அப்போது விளக்கு இருந்தும் வரிசை கரையாது.

அந்த 60 என்பது உதாரணம்தான். உங்கள் எண்ணை நீங்களே எண்ணுங்கள். பள்ளி விடுமுறை இல்லாத செவ்வாய், புதன், வியாழன், காலை 6.30 முதல் 8.30 வரை; 15 நிமிடத்துக்கு ஒரு கணக்கு; திசைக்கு ஓர் ஆள்; கார், மோட்டார், லோரி தனித்தனியாக. எண்ணாமல் எழுதும் புகாருக்கு ‘கவனிக்கப்படும்’ என்றுதான் பதில் வரும்.

பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) குடும்பம்: ஐயா, பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு தாமான் வருகிறதாம். எங்களை யாரும் கேட்கவில்லையே?

அம்மா, இது முக்கியமான கேள்வி. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, பிரிவு 21(6)இன்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபிக்க 21 நாள். அண்டை நிலம் என்றால் ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ பிரிக்கும் நிலம், நுழைவுச் சாலை முட்டுச்சந்தாக இருந்தால் 200 மீட்டருக்குள் உள்ள நிலம்.

கவனியுங்கள், சட்டம் சொல்வது உரிமையாளர். லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாலும் பட்டா இல்லாதவருக்கு அந்தக் கடிதம் வராது. உங்களுக்குத் திறந்திருக்கும் வழி, ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ எனும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுப் பார்வைக்கு வரும்போது எழுத்தில் ஆட்சேபம் கொடுப்பது. கவுன்சிலரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

எழுதும்போது ‘நெரிசல் வரும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். மேம்பாட்டாளரின் போக்குவரத்துத் தாக்க ஆய்வில் வண்டி எண்ணிய தேதி எது, பள்ளி நாளா, ஏற்கெனவே அனுமதி பெற்ற பக்கத்துத் தாமான்களின் வண்டிகளும் சேர்ந்தனவா என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ‘என் பங்கு சொற்பம்’ என்று காட்டுவார்கள், கூட்டினால்தான் உண்மை தெரியும். முச்சந்தி வேலை முதல் கட்ட வீட்டுச் சாவிக்கு முன் முடிய வேண்டும் என்ற நிபந்தனை அனுமதிக் கடிதத்திலேயே வேண்டும். 2007 முதல் குடிபுகும் சான்றிதழான சிசிசியை வழங்குவது உள்ளூர் மன்றம் அல்ல, திட்டத்தின் கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான். கடிதத்தில் இல்லாத நிபந்தனையை அப்போது யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

கடைத்தெருக்காரர்: தோட்டத்துச் செம்மண் சாலையைத் திறந்துவிட்டால் பாதி வண்டி அப்படியே போய்விடுமே!

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்: அது பள்ளி வாசல் வழியாகப் போகிறது அண்ணே. திறக்கவே கூடாது.

கடைத்தெருக்காரர்: பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து சாலையை அடைப்பதே நீங்கள்தானே?

இருவரும் நிறுத்துங்கள். அந்தச் சாலை தோட்டத்தின் சொந்த நிலம், நாளைக்கே கேட் போட்டுப் பூட்டலாம். பொதுச் சாலையாக வேண்டுமானால் நிலத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது அரசு கையகப்படுத்த வேண்டும். பிறகு சாலைப் பதிவேட்டில் ஏற வேண்டும். பராமரிப்பு மானியம் வருவது மாரிஸ் என்னும் அந்தப் பதிவேட்டின்படிதான். பதிவில்லாத சாலையில் குழி விழுந்தால் மன்றம் கைவைக்காது. குலை லோரியும் டிராக்டரும் ஓடும் குறுகிய மண் சாலையில் நூற்றுக்கணக்கான காரை விட்டால் முதல் மழைக்கே சேறு.

பெற்றோர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வாசலில் இரட்டை வரிசையாக நிறுத்துவதும் உண்மை. பள்ளி இருக்கும் இடப்பக்கத்தில் மட்டும் இறக்குங்கள், பிள்ளை இடக்கதவால் இறங்கட்டும், புத்தகப்பை பிள்ளையின் மடியிலேயே இருக்கட்டும். பின்பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு காரும் பின்னால் இருப்பவர்களை நிறுத்துகிறது.

கடைத்தெருக்காரர்: அப்போ சாலை வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டும். தோட்டம் தாமானாகும்போது இரண்டாவது வழியாக 66 அடி அகல நிலம் ஒதுக்கி அதை முறையாகக் கட்டச் சொல்லுங்கள். அதுவும் முதல் கட்டச் சாவிக்கு முன்.

காவல் தாமான் செயலாளர்: எங்கள் நுழைவு கேட்தான் நெரிசலுக்குக் காரணம் என்கிறார்கள்.

காருக்கு 10 விநாடி சோதித்தால் மணிக்கு 360 கார்தான் உள்ளே போகும். கேட்டை உள்ளே தள்ளி வையுங்கள், குடியிருப்பாளருக்குத் தனித் தடம் விடுங்கள்.

இன்னொருவர்: விளக்கு எப்போது வரும்?

மேலே சொல்லிவிட்டேன். எண்ணிவிட்டு வாருங்கள்.

மற்றொருவர்: நாங்களே காசு போட்டுச் சாலையில் வேகத்தடை பம்ப் கட்டலாமா?

கூடாது. மன்றத்தின் அனுமதி இல்லாமல் கட்டிய பம்பில் இரவில் மோட்டார்காரர் விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில். நெரிசலுக்கும் அது மருந்தில்லை.

வேறொருவர்: பஸ் தடம் மாற்ற யாரைப் பார்ப்பது?

என் துறை இல்லை, கவுன்சிலரைக் கேளுங்கள்.

தாமானுக்குப் புதிதாக வந்தவர்: புகாரை எங்கே அனுப்புவது, விளக்கும் கேட்கலாமா?

விளக்கை விடுங்கள்! சாலைப் பலகையைப் பாருங்கள். வெறும் எண் என்றால் கூட்டரசு சாலை. எழுத்தோடு எண் என்றால் மாநிலச் சாலை. சிலாங்கூருக்கு ‘பி’, பேராக்குக்கு ‘ஏ’. இரண்டுக்கும் மாவட்ட ஜேகேஆர், அதாவது பொதுப்பணித் துறை. எண்ணே இல்லாத தாமான் சாலை என்றால் பெரும்பாலும் மன்றம். புகாரில் சாலை எண், கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், நேரம், எண்ணிய தாள் நாலும் இருக்கட்டும். மன்றத்துக்கும் ஜேகேஆருக்கும் ஒரே நாளில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.